யாழ்ப்பாணத்தில் நான் பேசாத வாரம்

நவம்பர் 10, திங்கள்

கூட்டுறவு வங்கியில் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை மாதமாக டிவிக்கு அடியில் விரிப்போடு விரிப்பாகக் கிடந்தது. கிளம்பும்போது பெட்டியில் போட்டுக்கொண்டேன். காரணம் இருக்கிறது. எனக்கு வாய் ஓயாது. காலையில் பால் பொங்குவதிலிருந்து ராத்திரி கொசுவலை கட்டுகிற வரை எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பேன். சொல்லாமல் விட்டால் எனக்கு வயிறு உப்பிக்கொள்ளும். இந்த ஒரு வாரம் அவரிடம் பேச்சைக் குறைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறேன். வருகிற பேச்சை எங்கேயாவது கொட்டியாக வேண்டுமே, அதற்குத்தான் இது.

அவர் என்றால் என் வீட்டுக்காரர் பக்கிரிசாமி. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர். இடது காது சின்ன வயதிலேயே பொன்னுக்குவீங்கி வந்து போய்விட்டது. வலது காதை வைத்துக்கொண்டுதான் இத்தனை காலம் ஓட்டினார். கல்யாணமான நாளிலிருந்து நான் அவருக்கு வலது பக்கமாகத்தான் நடப்பேன், உட்காருவேன், படுப்பேன். இப்போது அந்தக் காதின் நரம்பில் ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்லை என்று சென்னை டாக்டர் சொன்னார். ஆனால் வளர்கிறது, மூளையை அழுத்த ஆரம்பித்துவிட்டது, எடுத்தே ஆக வேண்டும். எடுத்தால் நரம்பும் சேர்ந்து போய்விடும். "ஆளைக் காப்பாத்திடலாம்மா, காதைக் காப்பாத்த முடியாது" என்றார். அடுத்த வாரம் வியாழக்கிழமை, இருபதாம் தேதி ஆபரேஷன்.

இவர் அதைக் கேட்டுவிட்டுச் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, "அதுக்கு முன்னாடி யாழ்ப்பாணம் போய் ஒரு தவில் கேட்டுட்டு வந்துடறேன் டாக்டர்" என்றார். டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இவர் பள்ளிக்கூடம் படிக்கும்போது எங்கள் மன்னார்குடி கோயில் திருவிழாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் வந்து வாசித்தாராம். பேர்கூட இவருக்குத் தெரியாது. "அந்த அடி இருக்கே வேதா" என்று ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். கல்யாணமானதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு இசை ஞானம் சுத்தமாகக் கிடையாது. குக்கர் எத்தனை விசில் விட்டது என்பதை மட்டும் தப்பில்லாமல் சொல்லுவேன். நான் வந்தது சாப்பாட்டுக்கு. ஒரு ஊருக்குப் போய் அந்த ஊர்க்காரர்கள் வீட்டில் என்ன கொதிக்கிறது என்று பார்க்காமல் திரும்பினால் எனக்குப் போன மாதிரியே இருக்காது.

அவருக்குக் காது இருக்கப்போவது இன்னும் சில நாள். அதில் தவில் விழட்டும். புளி என்ன விலை, எதிர்வீட்டுக்காரி என்ன சொன்னாள் என்று நான் எதற்கு அதைப் போட்டு நிரப்ப வேண்டும்? என்னால் ஆன உதவி வாயை மூடிக்கொள்வதுதான்.

பிற்பகல் வந்து சேர்ந்தோம். தங்கியிருக்கிற இடத்தின் பேர் திருநெல்வேலி. யாழ்ப்பாணத்துக்குள் ஒரு திருநெல்வேலி! இதை அவரிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

வீட்டுக்காரம்மா மங்கையற்கரசி அக்கா தனி ஆள். வீட்டுக்காரர் இறந்து சில வருஷமாகிறது, பிள்ளைகள் கனடாவில். முன் அறையை எங்களைப்போல வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். காலையில் புட்டும் சொதியும் கொடுத்தார். சொதி என்பது தேங்காய்ப்பாலில் மஞ்சளும் பச்சை மிளகாயும் வெந்தயமும் போட்டுக் கொதிவரும் முன்னே இறக்கி எலுமிச்சை பிழிவது. இறக்கிய பிறகு பிழிய வேண்டும். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் திரிந்துவிடும். நான் மூன்று தரம் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

சாப்பிட்டதும் இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தெருவில் ஆட்டோ நின்றது. "தம்பி, ஒரு நல்ல கச்சேரிக்குப் போகணும்" என்றார். ஆட்டோக்காரர் பேர் குகதாசன், நாற்பது வயது இருக்கும். "கச்சேரிக்கோ? ஓம், ஏறுங்கோ. நேரத்தோட போனால்தான் நல்லம். பிறகு சனம் கூடிடும்" என்றார்.

"பாத்தியா, கூட்டம் வருமாம்" என்று இவர் என் முழங்காலில் தட்டினார். முகமெல்லாம் பல்.

ஆட்டோ போய் நின்றது ஒரு பெரிய அரசாங்கக் கட்டடத்தின் முன்னால். கையில் ஃபைலும் போட்டோ காப்பியுமாக ஜனங்கள். இவர் வேட்டியை நேர்படுத்திக்கொண்டு நேராக உள்ளே போனார். வாசலில் இருந்த காவலாளி, "என்ன அலுவலா வந்தனீங்கள் ஐயா?" என்றார்.

"தவில் கேக்கலாம்னு வந்தோம்."

காவலாளி இவரை மேலும் கீழும் பார்த்தார். "காணி அலுவலோ? பிறப்புச் சான்றிதழோ?"

"தவிலுங்க. தவிலு." கையால் வேறு அடித்துக் காட்டினார்.

பின்னாலேயே வந்த குகதாசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்த ஊரில் கச்சேரி என்றால் ஜில்லா அரசாங்க அலுவலகமாம். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்களாம். "நீங்கள் பென்சன் அலுவலா வந்திருக்கிறியள் எண்டு நினைச்சன்" என்றார். காவலாளி நல்ல மனுஷர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

சிரித்து முடித்த பிறகுதான் குகதாசன் விஷயத்தைச் சொன்னார். "ஆடி, ஆவணியில வந்திருக்கோணும் ஐயா. திசைக்கொரு திருவிழா. கந்தசட்டியும் முடிஞ்சுது. இது மாரி காலம். மேளகாரர் எல்லாம் வீட்டுக்குள்ள."

இவர் தலையாட்டிக்கொண்டார். நான் ஆபரேஷன் தேதியைத்தான் நினைத்துக்கொண்டேன். ஆடி வரைக்கும் தள்ள முடியாது.

திரும்பி நடக்கும்போது வழக்கம்போல இவருக்குத் தள்ளாடியது. கட்டி வந்ததிலிருந்து நடையில் நிதானம் இல்லை. குகதாசன் என்னிடம் தாழ்ந்த குரலில், "ஐயா கொஞ்சம் வெறியோ அம்மா?" என்றார். "யாருக்குய்யா வெறி?" என்று நான் சண்டைக்குப் போய்விட்டேன். இங்கே வெறி என்றால் குடித்திருப்பதாம்! காது விஷயத்தைச் சொன்னேன். அந்த மனுஷனுக்கு முகம் வாடிவிட்டது. இவருடைய இன்னொரு முழங்கையை அவர் பிடித்துக்கொண்டார். ஒரே தமிழ்தான், ஆனால் வார்த்தைக்கு வார்த்தை ஜாக்கிரதையாக இருக்க வேண்டியிருக்கிறது.

"என்ன வேதா, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிற?" என்று ஆட்டோவில் கேட்டார். "ஒண்ணுமில்லீங்க" என்றேன். கச்சேரி விஷயத்தை வைத்து நான் மூன்று நாள் ஓட்டியிருக்க வேண்டியது.

நவம்பர் 12, புதன்

விடாத மழை. இடியாப்பம். இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து மழை ஓட்டில் விழுவதற்குத் தாளம் போட்டார். காலையிலிருந்து நான் இவரிடம் சொன்னது: "மாத்திரை போட்டீங்களா", "கால் வழுக்கும்", "படுங்க". அவ்வளவுதான். என் அம்மா இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

நவம்பர் 13, வியாழன்

மழை விட்டது. குகதாசன் பொழுது விடிந்ததும் வந்து ஹாரன் அடித்தார். கொக்குவில் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாணமாம், மேளம் இருக்குமாம், அழைப்பில்லாமல் போனாலும் ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்களாம். நான் அவசரமாகப் பட்டுப்புடவை கட்டினேன். இவர் விபூதி பூசிக்கொண்டு முதல் ஆளாக ஏறினார்.

கிட்டே போகும்போதே நாதஸ்வரம் கேட்டது. தவிலும் கேட்டது. இவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். வலிக்கிற அளவுக்கு அழுத்தினார். மண்டபத்துக்குள் போனால் மணவறை இருக்கிறது, மாப்பிள்ளை இருக்கிறார், மேளக்காரர் யாரும் இல்லை. தூணில் ஸ்பீக்கர். ஓரத்தில் ஒரு பையன் லேப்டாப்பில் பாட்டை மாற்றிக்கொண்டிருந்தான். வரவேண்டிய கோஷ்டியின் வேன் மழையில் எங்கோ மாட்டிக்கொண்டதாம்.

இவர் அந்த ஸ்பீக்கரையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார் யாரிடமோ. எனக்கு அந்தப் பெட்டியைக் கழற்றிக் கிணற்றில் போட வேண்டும் போலிருந்தது. பெண்வீட்டார் எங்களை உட்கார வைத்துச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள். கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு. ருசி சொல்லி மாளாது. சொல்லவும் இல்லை.

சாயந்திரம் குகதாசன் எங்களைச் சமாதானப்படுத்துவதற்காக ஒரு கொத்துரொட்டிக் கடைக்குக் கூட்டிப் போனார். தெருவிலேயே கல். ரொட்டியும் முட்டையும் கறியும் போட்டு இரண்டு தகட்டால் கொத்துகிறார்கள். எங்கள் ஊரிலும் கொத்து பரோட்டா உண்டுதான். ஆனால் இந்த மனுஷர் கொத்தும்போது ஒரு ஒழுங்கு. இவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு வலது காதை அந்தப் பக்கம் திருப்பினார். விரல் தொடையில் ஓட ஆரம்பித்தது. "வேதா, ஏழாப் பிரிச்சு அடிக்கிறான் பாரு! தெரிஞ்சு அடிக்கிறானா, தானா வருதா?" என்றார். கடைக்காரர் இவரைக் கவனித்துவிட்டார். சிரித்துக்கொண்டே வேகத்தைக் கூட்டினார், நிறுத்தினார், இவர் தட்டி முடிக்கிற வரை காத்திருந்து மறுபடி பிடித்துக்கொண்டார். கடைசியில் இரண்டு பேரும் ஒரே இடத்தில் வந்து முடித்தார்கள். காத்திருந்த ஜனங்கள் கை தட்டினார்கள். இவர் குழந்தையாட்டம் என் பக்கம் திரும்பினார்.

நான் எவ்வளவோ சொல்லியிருக்கலாம். "நீங்க கேளுங்க" என்று மட்டும் சொல்லிக் கடை பக்கம் கையைக் காட்டினேன். இவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பசி என்று நினைக்கிறேன்.

நவம்பர் 14, வெள்ளி

இன்று ஒடியல் கூழ் கற்றுக்கொண்டேன். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவு. நண்டு, இறால், மீன், பயற்றங்காய் என்கிற நம் காராமணி, பலாக்கொட்டை எல்லாம் வெந்ததும் மாவைக் கரைத்து ஊற்றிப் புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் சேர்க்க வேண்டும். செத்தல் என்றால் நம் காய்ந்த மிளகாய்தான். பனை ஓலையை மடித்துக் கூம்பாக்கி அதில் ஊற்றிக் குடிக்கிறார்கள். அதற்குப் பிளா என்று பேர்.

நண்டு கழுவிக்கொண்டிருக்கும்போது மங்கையற்கரசி அக்கா ஒரு விஷயம் சொன்னார். அப்படியே எழுதுகிறேன்.

"உங்கட அவர் காலமை கிணத்தடியில என்னோட கதைச்சுக்கொண்டு நிண்டவர். 'முந்தியெல்லாம் எந்நேரமும் பேசிக்கொண்டே இருப்பா, இஞ்ச வந்த நாளில இருந்து பேசுறதே இல்லை' எண்டு சொன்னவர். எனக்கு ஆச்சரியமாப் போச்சு. குடுத்துவைச்ச மனிசன் எண்டு நினைச்சன். என்ர அவர் இருக்கேக்க நான் அவரைப் பேசாத நாள் இல்லை."

"அவரே சொன்னாரா? முகம் எப்படி இருந்துச்சுக்கா?"

"கண் கலங்கிப்போச்சு. சந்தோசத்திலதான். பேசாத மனிசி கிடைக்கிறது லேசோ? நான்கூடச் சொன்னன், 'நல்லதுதானே ஐயா, நிம்மதியா இருங்கோ' எண்டு. அவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ள போயிட்டார்."

ஆக, நான் செய்தது சரிதான். கண் கலங்குகிற அளவுக்கு நிம்மதியாக இருந்திருக்கிறார். இத்தனை வருஷம் அந்த ஒற்றைக் காதை நான் என்ன பாடுபடுத்தியிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது. பேசாமல் இருந்ததைச் சந்தோஷமாக வெளியாளிடம் சொல்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பரவாயில்லை.

கூழ் சரியான உறைப்பு. உறைப்பு என்றால் காரம். குடிக்கக் குடிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அக்கா, "என்ன பிள்ளை, உறைப்புக் கூடிப்போச்சோ?" என்று பதறிச் சர்க்கரை எடுத்துவந்தார். காரம்தான் என்றேன்.

நல்ல சேதியும் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை இணுவில் பக்கம் ஒரு பிள்ளையார் கோயிலில் மணவாளக்கோலமாம். "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டுவிட்டேன். கல்யாணம் இல்லை, குடமுழுக்கு நடந்த நாளை வருஷா வருஷம் கொண்டாடுவதுதானாம். சாயந்திரம் பெரிய மேளம். நாலு நாதஸ்வரம், ஆறு தவில். ஸ்பீக்கர் இல்லை, ஆட்கள்தான் என்று அக்கா இரண்டு தரம் உறுதி சொன்னார். இவரிடம் சொன்னபோது அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார்.

நவம்பர் 15, சனி

இவருக்கு நாளைக்குக் கட்ட வேட்டி துவைத்துப் போட்டேன். மழை. காயவில்லை. இஸ்திரிப் பெட்டியால் காய வைத்தேன். நாளைக்கும் மழை என்கிறார்கள். பிள்ளையாரப்பா, ஒரு சாயந்திரம் மட்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததைச் சரியாக எழுத வேண்டும்.

நாலு மணிக்குக் குகதாசன் வந்தார். தூறிக்கொண்டுதான் இருந்தது. கோயில் வீதியில் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். மணலில் படங்கு என்கிற தார்ப்பாய் விரித்து ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்களெல்லாம் சட்டையில்லாமல் வேட்டி மட்டும். இவரும் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். இவர் தள்ளாடி வருவதைப் பார்த்து முன் வரிசையில் இடம் விட்டார்கள்.

நான் வழக்கப்படி வலது பக்கம் உட்காரவில்லை. வலது காது தவிலுக்கு. எனவே இடது பக்கம் போய் உட்கார்ந்தேன். இவர் வலது பக்கம் திரும்பிப் பார்த்தார், அங்கே ஒரு தூண்தான் இருந்தது. பிறகு இடது பக்கம் திரும்பி என்னைக் கண்டுபிடித்தார். முன்னால் பாருங்க என்று சைகை காட்டினேன்.

நாதஸ்வரம் ஆரம்பித்தது. எனக்கு ராகமெல்லாம் தெரியாது. கொஞ்ச நேரம் பிரசாதத்துக்கு என்ன செய்திருப்பார்கள் என்றுதான் யோசித்தேன். பிறகு நாதஸ்வரக்காரர்கள் வாத்தியத்தைக் கீழே இறக்கிவிட்டார்கள். தவில் மட்டும். ஒருவர் ஒரு துண்டு வாசித்தால் அடுத்தவர் அதை வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்கிறார். ஆறு பேரையும் சுற்றி வந்தது. நரைத்த குடுமியோடு ஒருவர் இருந்தார், அவர் முறை வரும்போது மட்டும் மெதுவாக அடித்தார், அடிக்கிறாரா தடவுகிறாரா என்று தெரியவில்லை. ஜனங்கள் "ஆகா" என்றார்கள். அப்புறம் அவரே கையைத் திறந்துவிட்டார். படங்கு அதிர்ந்தது. எனக்குத் தொடை, வயிறு, தாடை எல்லாம் அதிர்ந்தது. குக்கர் விசில் மட்டும் தெரிந்த எனக்கே உடம்பு சிலிர்த்தது.

இவரைப் பார்த்தேன். தாளம் போட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றிருந்தது. கண்ணீர் தாடை வழியாக மார்பில் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை. நானும் அழுதேன். இதற்காகத்தானே இந்த மனுஷன் இவ்வளவு காலம் காத்திருந்தார், கிடைத்துவிட்டதே என்று அழுதேன். வியாழக்கிழமையை நினைத்தும் அழுதேன். அதை ஏன் மறைக்க வேண்டும்.

ஆனாலும் நடுநடுவே இவர் இடது பக்கம் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார். உதட்டைப் பார்த்தார். நான் ஒவ்வொரு தரமும் முன்னால் கையைக் காட்டினேன்.

முடிந்ததும் இவர் எழுந்து போய் அந்தக் குடுமிக்காரரின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர், "எந்த ஊர் ஐயா?" என்றார். "மன்னார்குடி" என்றார் இவர். "வந்திருக்கிறன். சின்ன வயசில எங்கட அப்பாவோட" என்றார் அவர். இவர் மறுபடி அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

ஆட்டோவில் இவர் வலது ஓரம், நான் இடது ஓரம். மழை வலுத்துப் பிளாஸ்டிக் திரையை இறக்கிவிட்டிருந்தார் குகதாசன். போன் அடித்தது. எடுத்து, "வாறன், வாறன்" என்று வைத்துவிட்டு என்னிடம், "கெதியாப் போகோணும் அம்மா. நேரம் போட்டுது, மனிசி பேசுவா" என்றார்.

"பேசட்டுமே தம்பி. வீட்டுக்காரி பேசினா நல்லதுதானே" என்றேன். என் ஆற்றாமை எனக்கு.

"பேச்சு வாங்குறது நல்லதோ?" என்று சிரித்தார். "அவ வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரரும் கதவைச் சாத்துவினம்."

"அப்படி என்ன பேசுவா?"

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அம்மா, உங்கட ஊரில பேசுறது எண்டால் கதைக்கிறது, என்ன? இஞ்ச பேசுறது எண்டால் ஏசுறது. திட்டுறது. சும்மா சொல்லிக்கொண்டிருக்கிறதுக்குக் கதைக்கிறது எண்டுதான் சொல்லுவம்."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் கிணற்றடி ஓடியது. இவர் அக்காவிடம் சொன்னது அக்காவுக்கு வேறாகக் கேட்டிருக்கிறது. அக்கா எனக்குச் சொன்னது எனக்கு வேறாகக் கேட்டிருக்கிறது. திட்டாத பெண்டாட்டி என்று இவர் பெருமை அடித்ததாக அக்கா நினைத்திருக்கிறார். இவர் பெருமை அடிக்கவில்லை. முறையிட்டிருக்கிறார். இந்த ஊரில் தனக்குத் தெரிந்த ஒன்றிரண்டு பேரில் ஒருவரிடம் போய், என் பெண்டாட்டி என்னிடம் பேச மாட்டேன் என்கிறாள் என்று கண் கலங்கச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் நல்லதுதானே என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்!

"என்னங்க!" என்றேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங்க, நகருங்க!" அசையவில்லை. அப்புறம்தான் உறைத்தது, செத்துப்போன காதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், மடச்சி. அவர் தோளைப் பிடித்து இடது பக்கம் இழுத்தேன். ஓடுகிற ஆட்டோவில் குனிந்து, அவர் மடியைத் தாண்டி, முழங்காலில் இடித்துக்கொண்டு வலது பக்கம் போய் விழுந்தேன். குகதாசன் பயந்து பிரேக் போட்டார்.

"என்ன வேதா, என்ன ஆச்சு?"

"மங்கையற்கரசி அக்காகிட்ட என்ன சொன்னீங்க?"

திருதிருவென்று முழித்தார். "சும்மாத்தான்... நீ பேசவே மாட்டேங்கிறேன்னு. வேற யாருகிட்ட சொல்றது?"

"நான் கோவமா இருக்கேன்னு நெனச்சீங்களா?"

"கோவம்னா நீ பாத்திரத்தைப் போட்டு உருட்டுவியே. இது கோவமில்லேன்னு தெரியும்." நனைந்த வேட்டி நுனியைப் பிழிந்தார். பிறகு, "பழகிக்கிறியோன்னு நெனச்சேன்" என்றார். "காது போன மனுஷனோட எப்படி இருக்கறதுன்னு இப்பவே பழகிக்கிறியோன்னு. சரி, அவளும் பழகித்தானே ஆகணும், நாம எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன்."

நான் ஓவென்று அழுதுவிட்டேன். ஆட்டோ, தெரு, குகதாசன் எதுவும் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். காதைத் தவிலுக்காக ஒதுக்கி வைத்ததை, புளி விலையைச் சொல்லாமல் முழுங்கியதை, எல்லாம்.

அவர் சிரித்தார். அவரும் அழுதுகொண்டுதான் சிரித்தார். "அடி பைத்தியக்காரி. தவில் திருவிழாவுக்குக் கேக்கறது. நீ தினப்படி. இன்னிக்கு அந்தப் பெரியவர் கையைத் தொறந்தாரே, அப்ப நீ காதுல ஏதாவது சொல்லுவே, 'யப்பா, என்ன இந்தப் போடு போடறார்'னு ஏதாவது சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ சொன்னாத்தான் எனக்கு அது நடந்த மாதிரி இருக்கும்."

"யப்பா, என்ன இந்தப் போடு போட்டார்!" என்றேன்.

"ம். அப்புறம்? வந்து எறங்கினதுலேர்ந்து சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு."

"யாழ்ப்பாணத்துக்குள்ள ஒரு திருநெல்வேலி இருக்கு, அது உங்களுக்குத் தெரியுமா முதல்ல?" என்று ஆரம்பித்தேன்.

வீட்டு வாசல் வந்தது. ஆட்டோ நிற்கவில்லை. "தம்பி, வீடு தாண்டிப் போறீங்க" என்றேன். குகதாசன் திரும்பாமலே சொன்னார்: "நான் ஒரு சுத்துச் சுத்திக்கொண்டு வாறன். நீங்கள் கதையுங்கோ அம்மா. என்ர மனிசி எப்பிடியும் பேசத்தான் போறா."

நவம்பர் 17, திங்கள்

விமானத்தில் சொதியிலிருந்து கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு வரை சொன்னேன். எங்களுக்கு முன் சீட்டில் இருந்தவர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

நவம்பர் 19, புதன்

சென்னை, ஆஸ்பத்திரி. நாளைக்குக் காலை ஏழு மணிக்கு உள்ளே கூட்டிப் போவார்கள். கட்டிலுக்கு வலது பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நர்ஸ் பெண் வந்து, "பேஷண்ட் தூங்கணும், கொஞ்சம் பேசாம இருங்கம்மா" என்றாள். "அவ பேசினாத்தாம்மா எனக்குத் தூக்கம் வரும்" என்றார் இவர். அவள் சிரித்துக்கொண்டே விளக்கைக் குறைத்துவிட்டுப் போனாள்.

பேசிப் பேசி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. எழுத ஒன்றும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் அவரிடமே சொல்லிவிட்டேன்.